தரைவரை போகும் பெடல்

அந்தப் பழைய வெள்ளைக் கார் அவளுடைய அண்ணன் கொடுத்தது. தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேட்ட மறுநாளே, தான் ஓட்டி அலுத்த வண்டியின் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். மருந்தாளர் படிப்புப் படித்துவிட்டு, பிள்ளை வளர்க்க வேண்டும் என்று வீட்டோடு இருந்துவிட்டவள் அவள். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் விண்ணப்பம் போட்டாள். ஊருக்கு வெளியே இருந்த கால்நடை மருத்துவமனையில் மருந்துப் பிரிவில் இடம் கிடைத்தது. அந்தச் சாலையில் பஸ் கிடையாது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

வண்டியில் ஒரே ஒரு குறை. பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுத்தது. தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம், ஒருநாள் வேலைதான் என்று அண்ணன் சொன்னார். கணவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் முறுக்கிய போல்ட்டுகளை நம்பி ஊரில் எத்தனையோ பேர் பத்தாவது மாடிக்குப் போய் வருகிறார்கள். நாலு சக்கரத்தை நிறுத்த இன்னொருவன் வேண்டுமா என்று கேட்டான்.

சனிக்கிழமை வண்டியை வீட்டுப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரங்களைக் கழற்றினான். சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர்கள் இரண்டும் துருவேறி இறுகிப் போயிருந்தன. புதிதாக இரண்டு வாங்கிவந்து மாட்டினான். பழையதை அப்போதே இரும்புக் கடையில் போட்டுவிட்டான். எல்லாம் சுலபமாக முடிந்தது. பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். பெடல் ஈரத் துணியை மிதித்தது போல அமுங்கிக்கொண்டே போய்த் தரையைத் தொட்டது.

அதில் அவன் ஆச்சரியப்படவில்லை. கழற்றி மாட்டினால் பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காலின் அழுத்தத்தையெல்லாம் அந்தக் காற்றே வாங்கிக்கொள்ளும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. காற்றை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கேலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகுமுனையைத் திறந்து காற்றையும் எண்ணெயையும் விட்டு, உடனே மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியைக் கூப்பிட்டான். அவள் புது வேலைக்கு உடுப்புத் தேய்த்துக்கொண்டிருந்தவள், இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தாள்.

"மிதி" என்றான் கீழே படுத்துக்கொண்டு. மிதித்தாள். "பிடி." பிடித்தாள். நிப்பிளில் செருகிய குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் எண்ணெய் இறங்கியது. மூடினான். "விடு." விட்டாள்.

வலது சக்கரம் முடிந்து இடது சக்கரம். இடது முடிந்து மறுபடி வலது. பாட்டில் நிறைந்தது. புதுப் பிரேக் ஆயில் டப்பா ஒன்று காலியாகி, அவன் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்தான். குழாயில் குமிழி ஒன்றுகூட வரவில்லை, சுத்தமான எண்ணெய்தான் வந்தது. பெடல் மட்டும் அப்படியே தரைக்குப் போனது.

வெயில் ஏற ஏற அவனுக்குக் கோபமும் ஏறியது. ஊற்றும்போது கை தடுமாறி எண்ணெய் பானெட்டின் மேல் சிந்தியது. துடைக்கத் துணி தேடுவதற்குள் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. மாடி வீட்டுக்காரர் பால்கனியில் நின்று பேட்டரியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அந்தக் கோபம் கடைசியில் போய் நின்ற இடம் மனைவியின் கால்.

"நீ சீக்கிரம் விட்டுடற."

"நீங்க விடுன்னு சொன்னப்புறம்தான் விடறேன்."

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கால் தூக்குது. உனக்கே தெரியல."

அடுத்த முறை அவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள். அப்போதும் அதையே சொன்னான். அதற்கடுத்த முறை, கவனம் வேறெங்கோ இருக்கிறது, நாளைக்குப் போகிற வேலையையே நினைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும் என்றான்.  மிதித்து மிதித்து அவள் முழங்கால் வலித்தது. ஒரு கையால் அதைப் பிடித்துவிட்டபடியே மிதித்தாள்.

மத்தியானம் அவன் பொறுமை முழுக்கத் தீர்ந்தது. சக்கரங்களை மாட்டி, தானே வண்டியை எடுத்துச் சந்தின் கடைசிவரை ஓட்டிப் பார்த்தான். மெதுவாகத்தான் போனான். நிறுத்த வேண்டிய இடத்தில் மிதித்தான், பெடல் கீழே போனது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி மிதித்தான். நின்றது. அதற்குள் மாடி வீட்டுக்காரருடைய சிமென்ட் பூந்தொட்டி இரண்டாகப் பிளந்திருந்தது.

மனைவி சந்து முனையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இறங்கி வந்து, "ரெண்டு தடவை மிதிச்சா நல்லாப் பிடிக்குது. ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்றான்.

"குறுக்க ஒரு குழந்தை ஓடி வந்தா என்ன பண்றது? இரும்மா, இன்னொரு தடவை மிதிச்சுக்கறேன்னு சொல்லணுமா?" என்றாள். "நான் இதை ஓட்ட மாட்டேன்."

உள்ளே போய் அண்ணனுக்குப் போன் செய்தாள். நாளைக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ விசாரித்திருக்க வேண்டும். "என் கால்தான் சரியில்லையாம்" என்று அவள் சொன்னது வாசல்வரை கேட்டது.

திங்கட்கிழமை காலை அண்ணன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனார். வெள்ளைக் காரைப் பார்த்தார், அதன் பானெட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கணவனுக்குத் தோன்றியது. லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று நிச்சயமாகப் புரிந்தது. கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான். வேறு காரணமே இருக்க முடியாது. வலது பக்கத்துக் கேலிப்பரைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பஸ் ஏறினான். பையில் எங்கோ ஓட்டை. வழியெல்லாம் எண்ணெய் சொட்டி அவன் பேன்ட்டை நனைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

உதிரிபாகக் கடையில் கூட்டம். வரிசையில் நின்றபடியே பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டான். முறை வந்ததும் கேலிப்பரைப் பொத்தென்று மேஜைமேல் வைத்து, இது ஓட்டை சாமான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாகப் போயிற்று, வீட்டில் நிம்மதியே போயிற்று என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

கடைக்காரர் அவசரப்படவில்லை. காதில் போனை இடுக்கி யாரிடமோ ஃபேன் பெல்ட் விலை சொல்லிக்கொண்டே கேலிப்பரைப் புரட்டிப் பார்த்தார். போனை வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்தப் பக்கத்துல இருந்து கழட்டினீங்க?"

"வலது."

"இது இடது பக்கத்துது. வலதுல மாட்டினா நிப்பிள் கீழ வந்துடும். காத்து மேலேயே தங்கிடும். நீங்க நாள் பூரா மிதிச்சாலும் கீழ இருக்கிற எண்ணெய்தான் வரும்."

வரிசையில் யாரோ இருமினார்கள். கணவனுக்கு முந்தைய நாள் முழுவதும் கண் முன்னால் வந்தது. நிப்பிள் கீழேதான் இருந்தது. தரையில் படுத்தபடியே கைக்கு எட்டுகிற மாதிரி கம்பெனிக்காரன் எவ்வளவு வசதியாக வைத்திருக்கிறான் என்று சந்தோஷப்படக்கூடச் செய்தான். தண்ணீருக்குள் விட்ட காற்று மேலே வரும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேலையில் எத்தனை மோட்டார்களைக் கழற்றி மாட்டியிருக்கிறான். மாட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

"மாத்தி மாட்டுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்த்தார். கணவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். பஸ்ஸில் திரும்பும்போது யார்மீதாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. யோசித்துப் பார்த்ததில் ஆள் யாரும் மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு கேலிப்பர்களையும் இடம் மாற்றினான். இப்போது நிப்பிள்கள் மேலே நிமிர்ந்து நின்றன. காற்று எடுக்க மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். மனைவி வருவதற்குள் முடித்து வைத்துவிட்டால், என்ன ஏது என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம். மாடிக்குப் போய், ஐந்து நிமிஷம் வந்து பெடலை மிதிக்க முடியுமா என்று கேட்டான். மாடி வீட்டுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தொட்டி எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். அவன் இறங்கி வந்துவிட்டான்.

சாயங்காலம் மனைவி வந்தாள். முதல் நாள் வேலை. ஒரு கன்றுக்குட்டி மருந்துப் பெட்டியைத் தட்டிவிட்டதாம், அந்த வாடை சேலையில் இருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம், "கொஞ்சம் வந்து மிதிக்கணும்" என்றான்.

"என் காலாலயா?"

அவன் பிளாஸ்டிக் பையை மடித்தான், பிரித்தான். பிறகு, "நான் இடது வலது மாத்தி மாட்டிட்டேன். உன் கால்ல ஒண்ணும் இல்ல" என்றான்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரித்திருந்தால் அவனுக்கு லேசாகியிருக்கும். அவள் சிரிக்கவில்லை.

"நேத்து ராத்திரி தூக்கமே வரல எனக்கு" என்றாள். "நிஜமாவே என் கால்லதான் ஏதோ குறைன்னு நினைச்சேன். ஒரு பெடலைக்கூடப் பிடிச்சுக்கத் தெரியாதவ, அவ்வளவு தூரம் எப்படி ஓட்டிட்டுப் போவேன்னு பயந்துட்டுப் படுத்திருந்தேன்."

"தப்புதான்" என்றான். 

அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சந்துக்கு நடந்தாள். ஸ்பேனர் எங்கே என்று கேட்டாள். கொடுத்தான். "நீங்க போய் உக்காந்து மிதிங்க" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். அவள் எப்படித் திறப்பது, எவ்வளவு திறப்பது என்று இரண்டே கேள்வி கேட்டாள். "மிதிங்க" என்றாள். "பிடிங்க." நிப்பிள் திறந்ததும் குழாய் கொப்பளித்தது. எண்ணெயைவிட நுரைதான் அதிகம் வந்தது. மூடினாள், விடச் சொன்னாள். மறுபடி மிதிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கே தொடை கடுக்க ஆரம்பித்தது. வாயைத் திறக்கவில்லை. இடது பக்கத்துக் காற்றும் போன பிறகு மிதித்தபோது, பெடல் சற்றே இறங்கிக் கல்லைப் போல நின்றது. அவன் அதை மிதித்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்றாள் அவள். அவன் சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கிவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். சந்திலேயே நாலைந்து முறை ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான் பெரிய சாலைக்குத் திருப்பினாள். ஒரு லாரி சிக்னல் காட்டாமல் முன்னால் வந்து நின்றது. அவள் ஒரே மிதியில் நிறுத்தினாள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. அவன் கை தன்னையறியாமல் டேஷ்போர்டைப் பிடித்திருந்தது. எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு வர வேண்டாம்னு அண்ணனுக்குச் சொல்லிடுங்க" என்றாள் சாலையைப் பார்த்தபடியே. "நீங்களே சொல்லுங்க."

போன் செய்தான். பிரேக் தயாராகிவிட்டது, அவளே வந்துவிடுவாள் என்றான். அண்ணன் சந்தோஷப்பட்டார். அத்தோடு போனை வைத்திருக்கலாம்.

"என்னதான் மாப்ளே கோளாறு?" என்று கேட்டார்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கியர் மாற்றினாள்.

"நான்தான், மச்சான். இடதையும் வலதையும் மாத்தி மாட்டிட்டேன்."

 அப்படியென்றால் தங்கச்சியின் காலை டாக்டரிடம் காட்ட வேண்டியதில்லையா என்று அவர் ரொம்ப மரியாதையாக விசாரித்தார். அவள் காதில் அது விழுந்துவிட்டது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தான் அவன்.