சண்முகவடிவின் அட்டை

பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டு, ரங்கூனிலிருந்து ஜனங்கள் ஓடி வந்த வருஷம் அது. அவர்களைப் பதிவு செய்வதற்கென்று பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு நிவாரண ஆபீஸ் திறந்தார்கள். மாட்டுங்காவிலிருந்து தினமும் ரயிலேறிப் போகும் பஞ்சுவுக்கு அங்கே குமாஸ்தா வேலை.

அவன் மேஜையில் இரண்டு கட்டு அட்டைகள் இருக்கும். வெள்ளைக்காரர்களுக்கு வெள்ளை அட்டை. அதன் தலைப்பில் 'இவாக்குயி', அதாவது பத்திரமாக அப்புறப்படுத்தப்பட்டவர், என்று அச்சடித்திருந்தது. மற்றவர்களுக்குப் பழுப்பு அட்டை. அதில் 'ரெஃப்யூஜி', அகதி. இரண்டு பேரும் ஒரே குண்டுக்குப் பயந்து வந்தவர்கள்தான். ஆனால் முதல் அட்டைக்காரரை நகரத்து விடுதிக்கு அனுப்புவார்கள். இரண்டாவது அட்டைக்காரர் தகரக் கொட்டகைக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போக வேண்டியதுதான். பஞ்சு அதைப் பற்றி ரொம்ப யோசித்ததில்லை. கட்டு தீர்ந்தால் இன்னொரு கட்டு வாங்கி வைத்துக்கொள்வான்.

ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சண்முகவடிவு வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. கறுத்து மெலிந்த உடம்பு, அண்ணியிடம் இரவல் வாங்கின புடவை, இரண்டு காலிலும் ஆறாத புண். பெயரைச் சொன்னாள். தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்க்கும் அண்ணன் பிரம்மநாயகத்தின் விலாசத்தைச் சொன்னாள். பஞ்சு மளமளவென்று நிரப்பி, மேலதிகாரி ஹாலோவே துரையிடம் முத்திரை வாங்கிக் கையில் கொடுத்தான்.

நாலாம் நாள் அவள் திரும்பி வந்தாள். அட்டையை மேஜையில் வைத்து, தொழில் என்ற கட்டத்தில் விரலை ஊன்றினாள்.

"சார், இதுல கூலின்னு போட்டிருக்கு."

பஞ்சு நிமிர்ந்து பார்த்தான். இவள் இங்கிலீஷ் படித்துவிட்டாள் என்பதே அவனுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது.

"நான் ரங்கூன் பெரியாஸ்பத்திரியில பதினோரு வருசம் நர்சு. பிரசவ வார்டு. இங்க ஒரு ஆஸ்பத்திரிக்கு வேல கேட்டுப் போனேன். மேட்ரன் அம்மா இந்த அட்டயப் பாத்தா. ஆயா வேல இருக்கு, தர கழுவுதியான்னு கேட்டா."

"சர்டிபிகேட் வெச்சிண்டிருக்கேளா?"

"பொட்டியோட ஆத்துல போச்சு. பரிசல் கவுந்து எங்க கூட வந்த நாலு பேரும் போனாவ. நான் காயிதத்தத் தேடவா சார்?" அவள் குரல் உயரவில்லை. "நீங்க என்ன வேலன்னு ஒரு வார்த்த கேக்கலியே."

பஞ்சுவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கூலி என்று எழுதச் சொல்லி துரை உத்தரவு போடவில்லை. எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்தக் கறுப்பு முகத்தையும் தாராவி விலாசத்தையும் பார்த்துத் தானாகவே அவன் கை எழுதிய வார்த்தை அது.

அட்டையை எடுத்துக்கொண்டு ஹாலோவே துரையின் அறைக்குப் போனான். துரை மோசமான மனுஷர் இல்லை. வேலையை விரைவாக முடிக்கிறவர். "காகிதம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் நர்ஸ் என்று சொல்லலாம்" என்று அட்டையைத் திருப்பித் தள்ளிவிட்டார். பஞ்சு வெளியே வந்து அதைச் சொன்னபோது சண்முகவடிவு அட்டையை அவன் மேஜையிலேயே விட்டுவிட்டு, மழையோடு நடந்து போனாள்.

அடுத்த வாரம் டோரதி என்ற இங்கிலீஷ் பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். ஆகாய விமானத்தில் கல்கத்தா வந்து, அங்கிருந்து ரயிலில் பம்பாய் வந்தவள். அவளுக்குத் துரையே எழுந்து நாற்காலி போட்டார்.

"தொழில்?"

"நர்ஸ். ரங்கூன் பெரிய ஆஸ்பத்திரி. என் காகிதமெல்லாம் விமான நிலையத்திலேயே விட்டுப்போய்விட்டது."

"அதனாலென்ன" என்றார் துரை. வெள்ளை அட்டையில் தன் கையாலேயே 'நர்ஸிங் சிஸ்டர்' என்று எழுதினார்.

பஞ்சு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். எட்டு வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் துரைமார் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அவனுக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது.

"மிஸ், பிரசவ வார்டில் சண்முகவடிவு என்று யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "வடிவு சிஸ்டரா? உயிரோடு இருக்கிறாரா? எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தானே!"

துரை அந்தப் பழுப்பு அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, கூலியை அடித்து நர்ஸ் என்று திருத்தி, கையெழுத்துப் போட்டார். தலைப்பில் இருந்த 'ரெஃப்யூஜி' அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சு அதை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனான். அரை மைல் தூரத்தில் இருந்துகொண்டு அதுவரை அவன் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. தோல் வாடை மூக்கைப் பிடுங்கியது. பிரம்மநாயகத்தின் வாசலில் சண்முகவடிவு ஒரு குழந்தையின் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். அவன் டோரதி சொன்னதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னான். அவள் முழுவதும் கேட்டாள்.

"டோரதி பொழச்சுக் கெடக்காளே, சந்தோசம். நல்ல புள்ள." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் சொன்னப்ப நான் நர்சு இல்ல. அவ சொன்னதும் நர்சு ஆயிட்டேன். அப்படித்தான சார்?"

பஞ்சு அவள் எதிரே வாசற்படியில் உட்கார்ந்தான்.

"துரையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. கூலின்னு எழுதினது நான்தான். மன்னிச்சுக்கோங்கோ" என்றான்.

சண்முகவடிவு மருந்துப் புட்டியை மூடினாள். கோபம் இருந்தது, ஆனால் அதோடு நிற்கிறவள் இல்லை அவள். "ஒத்துக்கிட்டீய. சரி. இந்தச் சந்துல இன்னும் பர்மாக்காரவிய இருக்காவ. எதுத்த வீட்டு அப்துல் ரவூப் ஸ்டீமர்ல எஞ்சின் பாத்தவரு. அவரு அட்டையிலயும் கூலிதான். வந்ததுதான் வந்தீய, கேட்டுட்டுப் போங்களேன்."

பஞ்சு கேட்டான். எஞ்சின் டிரைவர், தையற்காரர், தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார், மரக்கடைக் கணக்குப்பிள்ளை. நிஜமாகவே மூட்டை தூக்கியவர்களும் இருந்தார்கள், அவர்களில் ஒருவர், "எனக்குக் கூலின்னே இருக்கட்டும். ஆனா கேட்டுட்டு எழுதுங்க சாமி" என்றார். சாயந்திரம் வரை பஞ்சு எழுதினான்.

திங்கட்கிழமை பதினேழு புது அட்டைகளைத் துரையின் மேஜையில் வைத்தான். காகிதம் வைத்திருந்த மூன்று பேருக்கு மட்டும் கையெழுத்து விழுந்தது. மற்றவற்றைத் துரை சிவப்பு மையால் அடித்தார். பஞ்சு விடவில்லை. அதன்பின் வந்த ஒவ்வொருவரையும் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதினான். துரை அடித்தார், இவன் எழுதினான். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஆகஸ்டு கடைசியில் அவனை இருபத்தைந்து மைல் தள்ளியிருக்கும் கல்யாண் சரக்குக் கிடங்குக்கு மாற்றி உத்தரவு வந்தது.

"ஏன்னா, யாரோ என்னவோன்னு எழுதிட்டுப் போனா உங்களுக்கென்ன?" என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி. தினமும் விடியற்காலையில் எழுந்து சமைக்க வேண்டியவள் அவள்தானே.

"யாரோ எழுதலை, விஜயா. நான்தான் எழுதினேன்."

அவள் மறுநாள் அரைமணி முன்னதாக அடுப்பு மூட்டினாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தாதர் ஸ்டேஷனில் பஞ்சு சண்முகவடிவைப் பார்த்தான். வெள்ளை உடுப்பில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கால் புண் ஆறியிருந்தது. வார்டில் சிலர் இன்னமும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றும், ரவூப் பாய்க்கு ஒரு மில்லில் வேலை கிடைத்துவிட்டது, எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினார் என்றும் சொன்னாள்.

"என் இடத்துக்கு வந்தவன் கேக்கறானா?" என்றான் பஞ்சு.

"எங்க கேக்கான்! இப்ப நம்ம ஆளுவளே உசாராயிட்டாவ. பேரச் சொல்லுததுக்கு முன்னாலயே வேலயச் சொல்லிருதாவ."

"எழுதறானா?"

"சில நாளு எழுதுதான். எழுதலேன்னா எல்லாருமா அங்கனயே உக்காந்துருதாவ." அவள் சிரித்தாள். "ஒங்க வண்டி வருது பாருங்க. கல்யாண் வண்டியில கூட்டமா இருக்கும், ஓடுங்க சார்."