உப்புத்தண்ணியில கழுவுன கார்

பொலபொலன்னு விழுது, மெக்கானிக் இன்னாசி ஸ்க்ரூடிரைவரால தட்டத் தட்ட தலைக்கு மேலருந்து துரு செதில்செதிலா விழுது, முந்தானையில, கையில, காருக்கு அடியில நின்னு பாக்கதுக்குன்னு ஒர்க்ஷாப்புல வெட்டுன குழி இது, நான் உள்ள எறங்கி அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கேன், கண்ணுல விழும், தள்ளி நில்லுங்கக்காங்கான் அவன், விழட்டும்னு தோணுது, தோணுதா இல்லையான்னுகூடத் தெரியல. மேல வெள்ளப் பெயிண்டு மொகம் பாக்கலாம்போல மின்னுது, கீழ இப்படி இருக்கு, பதினோரு வருசமா எங்க வாசல்ல நின்ன காரு, அதோட அடிவயித்த இன்னைக்குத்தான் பாக்கேன். பாளையங்கோட்டையில ஒரு டாக்டர்கிட்ட பழைய வண்டியா வாங்குனது, அன்னைக்கு என் வீட்டுக்காரவுக ஓட்டிட்டு வாராக, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், வல்லநாட்டுல நிறுத்தி டீ குடிக்கோம், டீக்கடைக்காரரு வண்டி புதுசான்னு கேக்காரு, ஆமா எங்களுக்குப் புதுசுங்காக அவுக. அவுகளுக்கு உப்பளத்துல சூப்பர்வைசர் வேல, பாத்திக்கு நடுவுல வண்டி போவணும், வரப்புத் தண்ணி சக்கரத்துல அடிக்கும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்ததும் டீகூடக் குடிக்காம ஹோஸ எடுத்து அடியில அடிப்பாக, உப்பு வண்டியத் திங்கும்ட்டி, ட்ரம்முலருந்து ரெண்டு கொடம் நல்ல தண்ணி தா, அடிக்கு மட்டும்னு ஒருநா கேட்டாக, எங்க தெருவுல நாலு நாளைக்கு ஒருக்கத்தான் நல்ல தண்ணி, போர்த்தண்ணி ஒரே உப்பு, சோப்பு நுரைக்காது, நான் என்ன சொன்னேன், அது என்ன காப்பியா போட்டுக் குடிக்கப் போவுதுன்னேன், சிரிச்சிக்கிட்டே போர்ல ஹோஸ மாட்டுனாக, பெறவு கேக்கவே இல்ல.

போன மாசியில ஆஸ்பத்திரிக்குப் போனாக, மூணு நாளு, அவ்வளவுதான், நாப்பதாம் நாள் பூசை முடிஞ்சு எல்லாரும் கெளம்புனாக, வீடு காலியாச்சு, மறுநா அஞ்சு மணி அடிக்கி, நான் எந்திரிச்சுப் போயி ஹோஸ விரிச்சேன், யாரும் சொல்லல, ஏன்னும் தெரியல, வண்டிய யாரும் எடுக்கவே இல்ல, நின்ன எடத்துல நிக்கி, ஆனா தெனம் கழுவுவேன், குனிஞ்சு பாக்க முட்டி ஒத்துழைக்காது, ஹோஸ அடியில தள்ளி விட்டுட்டு அந்தாக்குல நிப்பேன், தண்ணி அந்தப் பக்கம் தெருவுக்கு ஓடுற வரைக்கும், பக்கத்து வீட்டு ரெக்ஸி எட்டிப் பாத்து வண்டி புதுசு கணக்கா வச்சிருக்கியளேம்பா, ஆமாம்பேன், அழுகையும் வரல ஒண்ணும் வரல, அஞ்சு மணி வரும், அது போதும். இப்ப என் மக பெனிட்டா வந்திருக்கா, திருச்செந்தூர்ல நர்சு, பிள்ளையத் தூக்கிட்டு பஸ்ஸுல ஏறி எறங்கி முடியலம்மா, அப்பா வண்டிய நான் எடுத்துக்கிடுதேன், நாளைக்குக் காலையில போறேன்னா, எனக்கும் அதுதான் ஆச, வேத்தாளுக்குப் போவக்கூடாது, அவுக ஓட்டுன வண்டியில பேத்தி போவட்டும்னு, சும்மா ஒருக்க இன்னாசிகிட்டக் காட்டிருவோம்னுதான் புது பேட்டரி போட்டு இங்க கொண்டாந்தோம்.

அக்கா, இது யாரு கழுவுனதுன்னு குழிக்குள்ள மெதுவா கேக்கான். பெனிட்டா மேலருந்து குனிஞ்சு, அப்பாதான் தெனம் கழுவுவாங்களே, அப்படிப் பாத்துக்கிட்ட வண்டிண்ணேங்கா. அண்ணாச்சி கழுவுனது பரவால்ல தாயி, தெனம் ஓடுச்சு, காத்துல காஞ்சிரும், நின்ன வண்டியப் போட்டு யாரோ நனைச்சிருக்காங்க, ஒரு வருசம் ஈரத்துலயே இருந்திருக்குங்கான். நான் கையில கெடக்குற துருவப் பாக்கேன், விரலால தொட்டா அப்பளம்போல நொறுங்குது, நாந்தான்ட்டி கழுவுனேங்கேன், என் குரல் வேற யாரோ பேசுற மாதிரி கேக்குது, போர்த்தண்ணியில, தெனமும். இன்னாசி வண்டியோட அடித்தகட்டுல பெருவிரல வச்சு அமுக்குதான், விரல் உள்ள போயிருச்சு, அந்தப் பக்கம் காருக்குள்ள விரிச்ச மிதியடி தெரியுது. பிரேக் பைப்ப மாத்திரலாம், சக்கரத்துல இருக்க டிஸ்க்க மாத்திரலாம், வெல்டிங்கும் வைப்பேன், ஆனா எதுல வைக்க, புடிக்க நல்ல தகடு வேணுமேங்கான், ஊருக்குள்ள மட்டும் ஓட்டுனா என்னண்ணேன்னு பெனிட்டா கெஞ்சுதா, அவன் என்னப் பாக்கான், மேல போயி பிரேக்க ஒருக்க மிதிங்கக்கா, நான் கீழருந்து பாக்கேங்கான்.

ஏறி உக்காருதேன், டிரைவர் சீட்டுல நான் உக்காந்ததே கெடையாது, அவுக காலு நீளம், சீட்டு பின்னாடி கெடக்கு, நுனியில உக்காந்து கால எட்டி வைக்கேன், மிதிங்கக்காங்கான், மிதிக்கேன், மொதல்ல லேசா தடுக்குது, பெறகு எதுவுமே தடுக்கல, தரை வரைக்கும் போவுது, சேத்துல கால் எறங்குன மாதிரி, அடியில பிரேக் ஆயிலு சொட்டுற சத்தம், இதுலயா பிள்ளைய உக்கார வச்சு நாளைக்குப் போவா, திருச்செந்தூர் ரோட்டுல லாரி எதுக்கால வரும், அவளும் இப்படித்தான் மிதிப்பா.

பழைய இரும்புக்கு உடைக்கக் குடுத்துரு இன்னாசிங்கேன்.

பெனிட்டா அம்மாங்கா, மறுபடி அம்மாங்கா, சன்னல் பக்கம் வந்து என் தோளுல கைய வைக்கா, கீழ அவன் எதையும் தட்டல, ஆனாலும் துரு விழுற சத்தம் கேக்குது, பொலபொலன்னு, இப்ப என் காலுக்கு அடியில விழுது, பாத்தாச்சுக்கா, கால எடுங்கங்கான், எடுக்கணும், தெரியுது, கால் அங்கனயே இருக்கு.