முற்றிய வெண்டை

பையை முன்னறையில் போட்டுவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் தையல்காரர் பின்கதவைத் திறந்தார். தாழ்ப்பாள் இறுகியிருந்தது, நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் நகர்ந்தது. ஐம்பத்து மூன்று நாள் கழித்து வருகிறார். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் அவரும் மனைவியும் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிப் போனார்கள். மனைவி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கடையை இப்படியே பூட்டிப் போட்டால் வருகிறவர்களெல்லாம் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி இவரை மட்டும் அனுப்பிவைத்தாள்.

தோட்டம் என்றால் நாலு பாத்தி. தக்காளிச் செடிகள் குச்சியோடு கட்டிய கயிற்றிலேயே கருகித் தொங்கின. மகளுக்கென்று கீரை விதைத்திருந்த இடத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெண்டை மட்டும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, பறிக்க ஆளில்லாமல் முற்றிய காய்களோடு நின்றது. ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். விறகு மாதிரி இருந்தது. உள்ளே விதைகள் கலகலத்தன. குனிந்தவருக்கு நிமிரத் தெம்பில்லை. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த இடுப்பு. துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு லாரி டிரைவரின் தலை தெரிந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டவர்.

"இருபது நாள் விடாம ஊத்தினேன் தம்பி. அப்புறம் முட்டி வீங்கிப் படுத்துட்டேன். உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு இருக்கு."

"அதனால என்னண்ணே. மழையும் இல்ல."

"சரி, செடி கிடக்குது. பேரனா, பேத்தியா?"

"பேத்தி." டிரைவரின் முகம் மலர்வதற்குள் மீதியையும் சொல்லிவிடவேண்டும் என்ற அவசரம் வந்தது. "தங்கலண்ணே."

டிரைவரின் தலை மதிலுக்குக் கீழே தாழ்ந்தது. மதிலைப் பிடித்திருந்த விரல்கள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. பிறகு அவையும் இறங்கின.

அந்த நேரத்தில்தான் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"போய்ச் சேந்தாச்சா? அவகிட்ட குடுக்கறேன், ஏதாவது பேசுங்க. நீங்க கிளம்பினதுலேர்ந்து வாயே திறக்கல."

ஏதாவது என்றால் என்ன? இத்தனை நாளும் அவர் பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துவந்தார், மருந்துக்கடை வரிசையில் நின்றார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேசத்தான் தெரியவில்லை. இப்போதும் கண்ணெதிரே இருந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"பாப்பா, தோட்டத்துல இருக்கேன். வெண்டை முத்திப்போச்சு. தக்காளி கொஞ்சம் வாடினாப்பல இருக்கு. கீரைதான்... கீரை இந்தத் தடவை சரியா வரல. காஞ்சாப்பல..." சுண்ணக்கட்டிக் கோட்டின் மேல் பட்டுவிடாமல் கத்தரிக்கோலை ஓட்டுவதுபோல, அந்த ஒரு வார்த்தையைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

"செத்துப்போச்சுன்னே சொல்லுப்பா."

குரல் கரகரத்திருந்தது. அவர் போனை மாற்றிப் பிடித்தார்.

"ஆமாம்மா. செத்துப்போச்சு."

அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள். கை சும்மா இருக்கமாட்டாமல் குழாயைத் திருகியது. முதலில் காற்றுதான் வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர். ஒரு வாளி பிடித்து, குவளையால் மொண்டு கீரைப் பாத்தியில் ஊற்றினார்.

"என்னப்பா சத்தம்?"

"தண்ணி ஊத்தறேன்."

"எதுக்கு?"

"தெரியலம்மா."

மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "போனை வச்சிடாதப்பா," என்றாள். "ஊத்து."

இறுகிப்போன மண் தண்ணீரை உடனே வாங்கவில்லை. புழுதி மேலே படலமாக மிதக்க, அது அப்படியே தேங்கி நின்றது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இன்னொரு குவளை மொண்டார். ஒரு வெடிப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு குமிழி எழும்பி உடைந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.