மேல்தொட்டியில் நாய்

1

இந்தக் கதையை ஒரு ஆய்வறிக்கையிலிருந்து திருடினேன். தண்ணீர் ஆய்வகத்தில் இரவு வேலை பார்த்து, பாதியில் விட்டு வந்தவன் நான். அதனால் எங்கள் குடியிருப்பில் பலருக்கு வயிறு கெட்டபோது, அறிக்கையைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். குடிதண்ணீரில் குடல் பாக்டீரியா. வந்த வழி: நாய்.

தொட்டி இருப்பது ஆறாவது மாடிக்கு மேலே, மூடி போட்டு. நாய் வளர்க்கவே கூடாத கட்டடம்.

2

“புறாக்கள் எச்சமிட்டுக்கொண்டிருந்த அந்த மாலையில்...”

(விட்டுவிட்டேன். புறா என்றால் எல்லாரும் நம்பிவிடுவார்கள். அதற்குக் கதை எதற்கு?)

குடியிருப்புச் செயலாளரை வைத்துத் தொடங்குகிறேன். அவர் துப்பறிந்து முடித்திருந்தார்.

“ஆறு மாடி ஏறியிருக்கு. மூடியத் திறந்திருக்கு. வேலைய முடிச்சிட்டு மூடிட்டும் போயிருக்கு. இது பழக்கின நாய்ங்க!”

3

மூன்றாம் மாடியில் துணி தைக்கும் அக்காவை நானே முழுசாக நம்பவில்லை. [கொஞ்சம் அழ வைக்கலாமா? வேண்டாம்.] வீட்டில் ஒரு குட்டை நாயை ஒளித்து வளர்த்தார். அது குரைத்தால் சன்னலுக்கு வந்து இருமுவார். இரண்டு வருடமாக. செயலாளரே இரக்கப்பட்டு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தார்.*

* அக்கா அதை அவர் எதிரிலேயே குடித்தார். என் கதாபாத்திரங்களில் யாரும் இவ்வளவு உழைத்ததில்லை.

வீடு வீடாகத் தேடியதில் நாய் அகப்பட்டது.

“நாளைக்குக் கூட்டம். நாய் போகணும், இல்ல நீங்க போகணும்.”

“அது படியே ஏறாதுங்க! கட்டில்ல ஏறவே நான்தான் தூக்கி விடணும்.”

4

“உங்ககிட்ட மட்டும் சொல்றேன் சார்,” என்றார் ஆய்வுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்த பிளம்பர். “லேப்ல குடுத்த பாட்டில்ல வெள்ளையா ஏதோ பொடி ஒட்டியிருந்துச்சு. அசிங்கமா இருக்கேன்னு வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்ச்சுக் கழுவிட்டேன்.”

(அந்தப் பொடி குளோரினை முறிப்பதற்காகப் போடுவது. அந்தப் பாட்டிலைக் கழுவவே கூடாது.)

“எதுல கழுவினீங்க?”

“நாயக் குளிப்பாட்டுற வாளியில. ஆனா தண்ணி புதுசு சார்!”

“எந்த நாய?”

“எங்க வீட்டு நாயத்தான். ஊரு நாயையா குளிப்பாட்டுவேன்?”

அப்படியானால் எங்கள் வயிறு எதனால் கெட்டது? தெரியாது. காய்ச்சிக் குடிக்கிறேன்.

“வெளிய தெரிஞ்சா இந்தத் தெருவுல ஒருத்தரும் என்னைக் குழாயத் தொட விட மாட்டாங்க.” என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். (வாசகரிடம் சொல்வது இதில் சேராது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.)

5

முடிவு ஒன்று: பிளம்பர் உண்மையைச் சொல்ல, எல்லாரும் கைதட்டி... (எந்தக் குடியிருப்பில்?)

முடிவு இரண்டு: அக்கா தையல் மெஷினோடு படி இறங்குகிறார், பின்னாலேயே நாயும்... (அது எங்கே இறங்கும்? அதையும் அவர்தான் தூக்க வேண்டும். மெஷினை யார் தூக்குவது?)

மறுநாள் காலை கூட்டம் கூடியது. “யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” என்றார் செயலாளர்.

பின்னால் நின்ற பிளம்பர் கையைத் தூக்கினார். அக்கா மடியிலிருந்த நாயை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தார்.

“என்னப்பா?”

அடுத்த வரியை நான்கு தடவை எழுதி அடித்தேன். நான்கிலும் அவர் என்னைப்போலவே பேசுகிறார். சத்தியம் செய்தவன் நான்தான், நீங்கள் செய்யவில்லை. அவருக்கு ஒரு வரி கொடுங்கள். சீக்கிரம். தூக்கிய கையோடு எவ்வளவு நேரம்தான் நிற்பார், பாவம்?