பாண்டித்துரை சொன்னதாகச் சொன்னது

1

இந்தக் கதை எனக்கு வந்த வழி இது: பாண்டித்துரை சொல்ல ஜிபின் கேட்டான், ஜிபின் சொல்ல சுரேஷ்குமார் கேட்டான், சுரேஷ்குமார் சொல்ல நான் கேட்டேன். இந்த வரிசையில் நம்பத்தகாத ஆள் ஒருவன்தான். அவன் கதை எழுதுகிறவன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலைவனக் காற்று மணலை வாரி இறைத்த அந்த மாலையில்' — அடித்துவிட்டேன். அன்று காற்றே இல்லையாம்.

2

நடந்தது இவ்வளவுதான். வளைகுடாவில், அல் ஐன் கட்டட சைட்டில் குழாய் பொருத்திக்கொண்டிருந்த பாண்டித்துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போனது. கூடப்போன விமல், அவர் கடைசியாக மனைவி பெயரைச் சொல்லி, "சரசுகிட்ட சொல்லு" என்றதாக போனில் சொன்னான். என்ன சொல்ல? அது விமலுக்குத் தெரியவில்லை. அவர் தங்கியிருந்த அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பில் ஆளாளுக்கு மிச்சத்தை நிரப்பினார்கள். பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொன்னார் என்றது கீழ்க்கட்டில். தைரியமாக இருக்கச் சொன்னார் என்றது மேல்கட்டில்.

அதே கேம்ப்பில் இருந்த சுரேஷ்குமார், பாண்டித்துரைக்குப் பக்கத்து ஊர்க்காரன். லீவில் ஊருக்குப் போகவிருந்தான். சரசு அவனிடம் போனில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

"கடைசியா என்ன சொன்னாகன்னு கேட்டுட்டு வா தம்பி."

3

எந்த வார்த்தையை எடுத்துப் போவது? அறைத்தோழர் கலீலுர் ரஹ்மானிடம் கேட்டான். ஏசி மெக்கானிக், சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவர். நபிமொழிகளைத் திரட்டியவர்கள் செய்ததை அவர் சொன்னார். நபிகள் இப்படிச் சொன்னார்கள் என்று ஒருவர் வந்தால், யாரிடம் கேட்டீர், அவர் யாரிடம் கேட்டார் என்று பின்னோக்கிப் போவார்களாம். இருவரும் சந்தித்திருக்க முடியுமா, ஞாபகம் எப்படி, பொய் பேசுகிறவரா என்று துருவுவார்களாம். நடுவில் ஒரு கண்ணி பழுதென்றால், சொல் எத்தனை அழகானாலும் சந்தேகம்தான். ஒரு சொல்லைக் கேட்டவர் வாயாலேயே கேட்க ஒரு மாதம் ஒட்டகத்தில் போனவரும் உண்டாம். நல்லது நடக்கட்டுமே என்று இட்டுக்கட்டியவர்களும் இருந்தார்களாம்.

"அவங்ககிட்டதான் ரொம்ப சூதானமா இருக்கணும் தம்பி," என்றார்.

(இங்கே என் படிப்பைக் காட்ட மூன்று பக்கம் எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். படிப்பே அந்த மூன்று பக்கம்தான்.)

4

சுரேஷ்குமாருக்கு வாய்த்தது பஸ்தான். விமலைத் துருவியதில், அவன் அப்போது வார்டுக்கு வெளியே நின்றிருந்தான் என்பதும், உள்ளே காதால் கேட்டவன் குமரி மாவட்டத்து நர்ஸ் ஜிபின் என்பதும் தெரிந்தது. வார விடுமுறையில் அல் ஐன் போய், ஜிபினின் டூட்டி முடியும்வரை காத்திருந்து கேட்டான்.

ஜிபின் யோசிக்கவே இல்லை. "'சரசுகிட்ட சொல்ல வேணாம்'னு சொன்னாருண்ணே. அதத்தான் அந்தப் பையன்கிட்டயும் சொன்னேன். அவன் அழுதுட்டுல்லா நின்னான். பாதிதான் காதுல விழுந்திருக்கும்."

கண்ணி உறுதி. சொல்லும் உறுதி. ஆனால் அந்தச் சொல்லே, சொல்லாதே என்கிறது.

திரும்பி வந்து கலீலுர் ரஹ்மானிடம் சொன்னான். அவர், நபிமொழியை எழுதவே கூடாது, நெஞ்சில் வைத்தால் போதும் என்றவர்களும் ஆதியில் இருந்தார்கள் என்றார். அது நமக்கு எப்படித் தெரியும் என்று இவன் கேட்டான்.

"எழுதி வச்சிருக்காங்க," என்றார்.

5

லீவு முடிந்து வந்தவனை டீக்கடைக்கு இழுத்துப்போனேன். சரசு மதினியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னான். எதைச் சொன்னாய் என்றேன். மதினி சாப்பிட்டுப் போகச் சொன்னதாகவும், சாப்பிட்டதாகவும் சொன்னான். அதற்குமேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை.

நானே ஒரு முடிவு எழுதினேன். 'உங்க பேரச் சொன்னாரு மதினி' என்று மட்டும் அவன் சொல்கிறான், அவள் அழுகிறாள். படித்தால் எனக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொன்று: அவன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறான். சரசு குழம்பு ஊற்றிக்கொண்டே, "அப்ப அவுகதான் சொல்லியிருக்காக. காய்ச்சல் கண்டாக்கூட எனக்குச் சொல்ல விடமாட்டாக," என்கிறாள்.

இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கொள்வதும் தள்ளுவதும் உங்கள் பாடு.