மடியில் இருந்த ஊசி

கார்காலம் இறங்கியிருந்தது. ஈயநிற வானம் கூரைகளின்மேல் கவிந்து கிடக்க, வீதிகள் தம் நிறங்களை ஒவ்வொன்றாய்க் களைந்து கருமையும் வெண்மையுமாய் எஞ்சின. செருப்புகள் அறுந்துபோகும் பருவம். செருப்புத் தைப்பவருக்கு மூச்சுவிட நேரமிராத பருவம். ஆயினும் முச்சந்தியில் அவர் அமரும் இடம் நான்கு நாளாய் வெறுமையாய்க் கிடந்தது.

அவர் மகள், தையற்காரி, சொட்டும் குடையோடு புகைப்படக் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தாள். சுவரில் ஆளுயரத்துக்கு அவள் தந்தை. மூடிய விழிகள், விரிந்த உள்ளங்கைகள். கீழே தலைப்பு: ‘யாசகம்’.

வேலை தொடங்குமுன் அவர் நாள்தோறும் தொழும் கோலம் அது. படம் கைபேசிகளில் பரவியபின் வழிப்போக்கர்கள் அந்தக் கைகளில் காசு போடத் தொடங்கினர். அன்றிலிருந்து அவர் கைகளை விரிக்கவில்லை. தொழாமல் ஊசியைத் தொடும் வழக்கமும் அவருக்கில்லை.

“இதை எடுத்தது யாரு?”

“நான்தாங்க,” என்றார் புகைப்படக்காரர், முகமெல்லாம் மலர. “பிடிச்சிருக்கா?”

“வயிறு எரியுது. அவர் எங்கப்பா. வேலைக்கு முன்னாடி கும்பிடுறார். மடியில ஊசியும் செருப்பும் இருந்திருக்குமே, எங்க?”

“அது... படத்துக்கு இடைஞ்சலா இருந்துச்சும்மா. வெட்டிட்டேன்.”

“நாப்பது வருஷத் தொழில் உங்களுக்கு இடைஞ்சலா? நானும் வெட்டுறவதான் சார். அளவு கேக்காம கத்தரி வைக்க மாட்டேன்.”

“கும்பிடுறார்னு எனக்குத் தெரியாதும்மா.”

“தெரியலைன்னா கேக்க வாய் இல்லையா? லென்ஸ் மட்டும் முழ நீளத்துக்கு வச்சிருக்கீங்க!”

அவள் படச்சட்டத்தைக் கழற்றக் கை நீட்டினாள். தடுக்க வந்த புகைப்படக்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுமுனையைப் பிடித்து இறக்கினார்.

மறுநாள் காலை, வெட்டாத படத்தோடு புகைப்படக்காரர் அவர்கள் வீட்டு வாசலில் நின்றார். ஊசி, செருப்பு, நூற்கண்டு எல்லாம் அதில் இருந்தன.

“ஐயா, இனி இதுதான் அங்க தொங்கும். பேரு ‘வேலைக்கு முன்’.”

தந்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முச்சந்திக்கு நடந்தார். மகளும் பின்தொடர்ந்தாள், அவள் கோபம் இன்னும் தணலாய்க் கனன்றது. புகைப்படக்காரர் கேமராவை மூடி வைத்து, யாரும் காசு போடாதபடி வீதிக்கு முதுகு காட்டி மறைப்பாய் நின்றார்.

செருப்புத் தைப்பவர் ஊசியை மடியில் வைத்தார். கண்களை மூடினார். மெல்லக் கைகளை விரித்தார். ஒரு மழைத்துளி மட்டும் அவற்றில் விழுந்தது.

விழி திறந்ததும் எதிரே நின்றவரை ஏறிட்டார்.

“உன் கண்ணு நல்லா இருக்கட்டும், தம்பி.”