தறியில் ஆளில்லாத படம்

பம்பாய் வியாபாரிகள் வரும்போதெல்லாம் சேலைகளைப் பிரித்துக் காட்டி, மறுபடி மடித்து வைப்பதிலேயே குமாரவேலுக்குப் பாதி நாள் போய்விடும். அவர் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை அதிகாரி. இனி படம் போட்டுக் காட்டியே வியாபாரம் பேசலாம் என்று நிர்வாகக் குழுவிடம் வாதாடி, எழுபத்திரண்டில் ஒரு ஸ்லைடு புரொஜெக்டரை வாங்க வைத்தார். அதை இயக்கும் பொறுப்பு டைப்பிஸ்ட் தேவகியின் தலையில் விழுந்தது.

தேவகிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. குமாரவேல் நெசவாளர் வீடுகளுக்குப் போய்ப் படமெடுத்தபோது கூடவே போனாள். மெட்ராஸில் கழுவி, அட்டைச் சட்டம் போட்டு வந்த படங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வரிசைப்படுத்தியவளும் அவள்தான்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் வியாபாரிகள் வந்தார்கள். கூடத்து ஜன்னல்களைக் கறுப்புக் கம்பளியால் மூடியிருந்தார்கள். குமாரவேல் திரைக்கு முதுகைக் காட்டி நின்று ஆங்கிலத்தில் விளக்கினார். சாயம் போடுவது, பாவு ஓட்டுவது, கரை, முந்தானை என்று படங்கள் நகர்ந்தன.

அடுத்தது மயில்வாகனத்தின் படம். பிள்ளையார்பாளையத்து வீட்டில் அவர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்திருந்தார். தேவகி அதைப் புரொஜெக்டருக்குள் தள்ளினாள்.

திரையில் தறி இருந்தது. பாதி நெய்த அரக்குச் சேலை இருந்தது. உட்கார்பலகையில் ஆள் இல்லை.

காலையில் பார்த்தபோது அவர் அதில் இருந்தார். குமாரவேலோ திரும்பிப் பார்க்காமல், எங்கள் மூத்த நெசவாளர்களில் ஒருவர் இவர் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"எங்கம்மா அந்த ஆளு?"

இருட்டுக்குள்ளிருந்து யாரோ மெல்லக் கேட்டார்கள்.

மிச்சப் படங்களை எப்படித் தள்ளினாளோ, தேவகிக்கே தெரியாது. காபிக்காக விளக்கைப் போட்டதும் யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து, ரிக்‌ஷா பிடித்துப் பிள்ளையார்பாளையத்துக்குப் போனாள்.

வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்டது. மயில்வாகனம் நெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி கமலாட்சி, தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். தேவகிக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் திரும்பிப் போக மனம் வரவில்லை.

"உங்கள சேட்டு பாக்கணும்னு கூப்பிடுறாருங்க" என்று பொய் சொன்னாள்.

"இதோ, இந்தப் பூவ முடிச்சிட்டு வரேம்மா."

"இப்பவே வாங்க. அவங்க கெளம்பிக்கினு இருக்காங்க."

அவர் ஊடிழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் குழியிலிருந்து ஏறினார். கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனார். அப்போது மூட்டையை இறக்கிப் போட்டதுபோல ஒரு சத்தம். மழையில் ஊறியிருந்த, உட்கார்பலகைக்குப் பின்னாலிருந்த மண்சுவர் அப்படியே சரிந்து குழியை மூடியது. உட்கார்பலகை மண்ணுக்குள் போய்விட்டது. முன்னால் சேலை ஒரு இழை அறாமல் விறைப்பாக நின்றது.

கமலாட்சி அலறவில்லை. தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் தேவகி நடந்ததையெல்லாம் குமாரவேலிடம் சொன்னாள். அவர் அந்த ஸ்லைடைத் தேடியெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மயில்வாகனம் சிரித்துக்கொண்டிருந்தார். இருட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றும் குமாரவேல் சொன்னார்.

"கூடத்துல நம்மள விட்டா சேட்டுங்கதான் இருந்தாங்க. அவங்க யாருக்கும் தமிழ் தெரியாதேம்மா."

ஆர்டர் கிடைத்தது. சங்கம் மயில்வாகனத்துக்குச் சுவர் எடுத்துக் கொடுத்தது.

தை மாதம், அடுத்த முறை காட்டும் படங்களில் அலுவலகத்தாரும் இருக்கட்டும் என்று குமாரவேல் எல்லோரையும் வாசலில் நிற்க வைத்தார். தேவகிக்கு நடுவில் இடம் விட்டிருந்தார்கள். தானே எடுப்பதாகச் சொல்லி அவர் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டாள். இன்னொரு படம் எடுக்கலாம், இந்த முறை நீயும் வந்து நில் என்று அவர் அழைத்தபோது, கேமராவில் இன்னும் நாலைந்து படம் மிச்சமிருந்தும், பிலிம் தீர்ந்துவிட்டது என்றாள்.